மறு: ‘வெதரிங்’ என்பதற்கு ‘நாட்படுத்தல்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் நான்கு நாளாக நான் வாய் திறக்காததற்கு என் மாதிரி ரயிலின் சரக்கு வேகன் ஒன்றுதான் காரணம். வெதரிங்கைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று ஆளுக்கொரு சொல்லாகப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்கோ, அந்த வேலையை ஒருமுறை முழுதாகச் செய்து, செய்யும்போது வாயில் தானாக என்ன வார்த்தை வருகிறது என்று கவனித்துவிட்டு எழுதலாம் என்று தோன்றியது. வேகன் நேற்று ராத்திரிதான் காய்ந்தது.

புதிதாக வந்த இரண்டு மூன்று பேருக்காக ஒரு வார்த்தை. மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் புது வண்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே தண்டவாளத்தில் விடமாட்டார்கள். அது சோப்பு டப்பா மாதிரி பளபளக்கும். துரு, புழுதி, கரி, மழைநீர் வழிந்த கோடு எல்லாவற்றையும் தூரிகையால் அதன்மேல் கொண்டுவந்து, ஓடி உழைத்த வண்டியாகக் காட்டுவார்கள். அதுதான் வெதரிங். இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியாவின் மான்டரேயில் இருந்த ஜான் ஆலன். தொழிலால் புகைப்படக்காரர். தன் கற்பனை ரயில்வேக்கு அவர் வைத்த பெயரே, வாய்விட்டுப் படித்தால் ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ என்று, அதாவது ரத்தக்களரியாகித் தோற்றது என்று, காதில் விழும் சிலேடை. யார்டில் பெட்டிகளைத் தள்ள இன்ஜினுக்குப் பதிலாக ஒரு டைனோசரையும் வைத்திருந்தார்! 1973-இல் அவர் இறந்த சில நாளிலேயே அந்த லேஅவுட்டின், அதாவது மலையும் ஊருமாகக் கட்டிய அந்த மாதிரி ரயில்வேயின், பெரும்பகுதி தீயில் போயிற்று. சரி, நம் கதைக்கு வருவோம்.

என் பலகையில் இருப்பது 1906-இல் வந்து 1941-இல் மூடப்பட்ட மொரப்பூர்–தருமபுரி குறுகிய பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டரை அடி அகலம், அதாவது 762 மி.மீ. நான் கட்டுவது எச்ஓ (HO) அளவு, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு; 87-ஆல் வகுத்தால் 8.76 வருகிறது. ஆகவே ‘என்’ (N) என்ற இன்னும் சிறிய அளவு ரயிலுக்கென்று விற்கும் 9 மி.மீ. தண்டவாளத்தையே போட்டுக்கொள்ளலாம். இந்தப் பொழுதுபோக்கு நம் ஊருக்குக் காட்டிய ஒரே சலுகை இது. (அகலப்பாதை போடுகிறவர்கள் தங்கள் 1676 மி.மீ.-ஐ 87-ஆல் வகுத்து, 19.3 வந்ததும், கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடட்டும்.)

இனி, வந்த சொற்கள்.

> வெதரிங் = வானிலையாக்கம். முடிந்தது. அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

ஓசூர் நண்பரே, வானிலை என்றால் நமக்கு இன்றைக்கு மழை வருமா வராதா என்பதுதான். “வேகனுக்கு வானிலையாக்கம் செய்தேன்” என்று என் தங்கையிடம் சொல்லிப் பார்த்தேன். “உள்ளே ஏசி வெச்சியா?” என்றாள். அதோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

> பள்ளிப் புவியியலில் ‘வானிலைச் சிதைவு’ என்று ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் அது பாறைக்கு. யாரும் செய்யாமல் தானாக நடப்பது, நடந்து முடிந்தால் பாறை குறைந்திருக்கும். நான் வேகனிலிருந்து ஒரு துளியும் எடுக்கவில்லை. அதன்மேல் ஒவ்வொரு பூச்சாகச் சேர்த்துக்கொண்டே போகிறேன்.

> ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? பழசாக்கல்!

இதுவரை வந்ததில் நேர்மையான சொல் இதுதான். பத்து நாள் நானே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு தொந்தரவு. ஒன்று, எங்கள் வீட்டில் “பழசாக்கிட்டான்” என்றால் அது வசவு. தீபாவளிச் சட்டையைக் கார்த்திகைக்குள் கெடுத்தவனுக்குச் சொல்வது. இன்னொன்று, எல்லா வெதரிங்கும் பழசு இல்லை. காலையில் புதிதாக வந்த லாரி நம் செம்மண் ரோட்டில் ஒரு நடை போய்விட்டு வந்தால் சாயங்காலம் பாதி சிவந்திருக்கும். அது பழைய லாரியா? ‘பழமையாக்கல்’ என்று கொஞ்சம் மரியாதை கூட்டினாலோ, நகைக்கடை ‘ஆன்டிக்’ ஞாபகம் வந்துவிடுகிறது.

> மெருகேற்றல், சாயமேற்றல் போல ‘அழுக்கேற்றல்’.

அமைப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் துரு அழுக்கு இல்லை, வெயிலில் வெளுத்த பெயின்ட்டும் அழுக்கு இல்லை. தேய்த்துக் குளிப்பாட்டினால் போவதுதான் அழுக்கு.

கடைசியாகப் பாலக்கோட்டு நண்பர், காரணம் எதுவும் சொல்லாமல், ஒரே வரியில் ‘நாட்படுத்தல்?’ என்று போட்டுவிட்டுப் போய்விட்டார். அதன்பின் அவர் எழுதவில்லை. அவருக்காக நான் வாதாடுகிறேன்.

வேகன் கதையைச் சொன்னால்தான் விளங்கும். முதல் வேலை பளபளப்பைக் கொல்வது. மேட் வார்னிஷ் ஒரு தெளிப்பு. அடுத்து, கறுப்பும் பழுப்பும் கலந்த அக்ரிலிக்கில் டிகாஷன் நிறம் வரும்வரை தண்ணீர் விட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு சேர்த்தேன். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு உருண்டு நிற்கும். சேர்த்துவிட்டால் பலகை இடுக்குகளில் தானாகப் போய் உட்காரும். பிறகு காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைக்க வேண்டும், மேலிருந்து கீழாக மட்டும். மழை பக்கவாட்டில் வழியாது.

துருவில்தான் ஏமாந்தேன். ஆணித்தலைக்கு அடியில், கதவுக் கீலுக்கு அடியில், பெயின்ட் உரிந்த மூலையில் அது தொடங்கும். ஆரஞ்சு கலந்த பழுப்பை மெல்லிய தூரிகையால் கீழ்நோக்கி இழுத்தேன், மூன்று மி.மீ. இருக்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சந்தேகம் வந்து வாசலில் இருக்கும் இரும்பு கேட்டைப் போய்ப் பார்த்தேன். கீலுக்குக் கீழே துரு வழிந்திருந்தது இரண்டு விரற்கடை, நாலு சென்டிமீட்டர். 87-ஆல் வகுத்தால் அரை மி.மீ.கூட வரவில்லை. நான் இழுத்த மூன்று மி.மீ. நிஜ வண்டியில் 26 சென்டிமீட்டர்! அத்தனை துரு வழியும் வண்டியை எந்த கார்டும் ரயிலில் சேர்க்கமாட்டார். துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், குண்டூசி முனையால்.

புழுதிக்கு நம் செம்மண்ணையே போடலாம் என்று ஆசை. பழைய நைலான் துணியில் இரண்டு தடவை சலித்தேன். ஒரு மி.மீ. மணல் இந்த அளவில் 87 மி.மீ. கல், விட்டுவிட்டால் பாறாங்கல் உருண்டு கிடப்பது போல இருக்கும். சலித்ததில் ஒரு காந்தத்தைப் புரட்டினேன். காந்தத்துக்குத் தாடி முளைத்துவிட்டது. சேலம் பக்கத்துக் கஞ்சமலை வட்டாரத்துக்காரர்கள் சிரிப்பார்கள், அவர்கள் மலையே இரும்புதானே. ஆனால் அந்தத் தூள் ஒரு சிட்டிகை இன்ஜின் மோட்டாருக்குள் போனால் அதோடு மோட்டார் முடிந்தது. ஆகையால் யாராவது மண் போடுவதாக இருந்தால் தயவுசெய்து காந்தம் போட்டு எடுத்துவிட்டுப் போடுங்கள். வேகனுக்கு நான் கடைசியில் சாக்பீஸ் மாதிரியான பேஸ்டல் குச்சியைப் பிளேடால் சுரண்டித்தான் தடவினேன். கரி மேலிருந்து இறங்க வேண்டும், புழுதி கீழிருந்து ஏற வேண்டும். இது மாறினால் பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ தப்பு என்று தெரிந்துவிடும்.

இப்போது, இவ்வளவு நேரமும் நான் என்ன முணுமுணுத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் விஷயம். “இங்கே மழை பட்ட மாதிரி இருக்கணும்.” “கூரையில புகை படணும்.” “இந்தப் பக்கம் வெயில் பட்டு வெளுத்திருக்கும்.” “கைப்பிடியில கை பட்டுப் பட்டுத் தேய்ஞ்சிருக்கும்.” “மூலை அடிபட்டிருக்கு.” எல்லாம் படு. வெயிலோ மழையோ கையோ, ஒரு பொருளை வந்து தொட்டு மாற்றுவதைச் சொல்ல நமக்கு இந்த ஒரே வினைதான் வருகிறது. இவை எல்லாம் சேர்ந்து பட்டுக்கொண்டே இருந்தால் அது நாள்பட்டது. புளி வாங்கப் போனால் கடைக்காரர் சொல்வார், இது புதுசு, இது நாள்பட்டது என்று. நிறம் கறுத்திருப்பதைப் பார்த்தே தெரிந்துவிடும். நம் மாவட்டத்தில் பிறந்தவனுக்கு நாள்பட்ட நிறம் எப்படி இருக்கும் என்று புளி சொல்லிக்கொடுத்திருக்கிறது.

படு தன்வினை, படுத்து பிறவினை. தானாக நடப்பது நாள்படுதல், நாம் செய்வது நாள்படுத்தல். எழுத்தில் ளகரம் டகரமாகி நாட்படுத்தல். வேறு எதையும் ஒட்டவைக்கவே வேண்டாம்.

பாலக்கோட்டு நண்பரின் சொல்லைப் பார்த்துக் கிருஷ்ணகிரி ஐயா ஒரு கேள்வி போட்டிருந்தார்:

> நாள் ஆனால் மட்டும் போதுமா தம்பி? தொண்டைமான் கொட்டிலில் இருந்த வேலுக்கும் நாள் ஆகியிருக்கும். நெய் பூசி மாலை சூட்டி வைத்திருந்தான். நம் அதியமான் வேல் நுனி சிதைந்து கொல்லன் கொட்டிலில் கிடந்தது. புறநானூற்றில் ஔவை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியது நாளையா, உழைப்பையா?

ஐயா, தருமபுரிக்காரனிடம், அதாவது அதியமானின் தகடூர்க்காரனிடம், ஔவையைக் கொண்டுவந்து நிறுத்தினால் நான் என்ன செய்வேன்? இரண்டு நாள் பதிலே இல்லை. பிறகு ஒன்று தோன்றியது. கட்டிலுக்கடியில் பெட்டிக்குள் இருபது வருஷம் கிடந்த வேகனை நாம் நாள்பட்ட வேகன் என்று சொல்வதில்லை. “வாங்கி ரொம்ப நாளாச்சு” என்கிறோம். நாளாவது வேறு, நாள்படுவது வேறு. நாள்பட்ட புண், நாள்பட்ட இருமல், நாள்பட்ட புளி எல்லாவற்றிலும் காலம் அந்தப் பொருளின்மேல் வேலை செய்திருக்கிறது, சும்மா கடந்துபோகவில்லை. தொண்டைமான் வேலுக்கு நாளாயிற்று. அதியமான் வேல் அடிபட்டது. இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது, அதுவும் படுவில்தான் இருக்கிறது.

சொல் ஏற்கப்பட்டால் கூடவே சில குட்டிச் சொற்கள் வரும். மேலே சொன்ன டிகாஷன் தண்ணீருக்கு ‘வாஷ்’ என்பார்கள். அதைக் ‘கழுவல்’ ஆக்கினால் நேர் எதிர்ப் பொருள், நாம் அழுக்காக்கிக்கொண்டிருக்கிறோம். ‘கலங்கல்’ என்றால் கண்ணுக்குத் தெரிகிறது: கலங்கல் விட்டுத் துடைத்தேன். பெயின்ட்டைத் துணியில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்ட காய்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் இழுப்பதை ‘வறட்டுத் தீற்றல்’ எனலாம். புகைபடுத்தல், தூசிபடுத்தல் தேவைக்கேற்ப. முதலாவதில் ‘ப்’ போட்டுவிடாதீர்கள், புகைப்படம் எடுக்கப் போய்விடுவார்கள்.

ஒரு சொல்லை மட்டும் நாம் செய்யவே வேண்டாம். போன ஐப்பசியில், வெளியே அடைமழை, பொறுமை இல்லாமல் வார்னிஷ் தெளித்தேன். காலையில் பார்த்தால் ஒரு சரக்குப் பெட்டி முழுக்கப் பால் தெளித்தது போல வெளுத்துவிட்டது. ஈரக்காற்றில் வார்னிஷ் அப்படித்தான் செய்யும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “என்னடா, பூத்துப்போச்சு?” சுவரில் உப்பு பூப்பது, ஊறுகாயில் பூஞ்சணம் பூப்பது, நெருப்பில் நீறு பூப்பது. வார்னிஷ் பூத்தல். முடிந்தது.

தருமபுரியிலிருந்து.

---

தம்பிக்கு,

நாளாதல், நாள்படுதல் வேறுபாடு சரி. ஒப்புக்கொள்கிறேன். அதிலேயே இன்னொன்றும் கிடைக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை போல. நிஜமாக ஓடி மங்கிய வண்டி ‘நாட்பட்ட’ வண்டி. உங்கள் பலகையில் இருப்பது ‘நாட்படுத்திய’ வண்டி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். தமிழில் அசலும் போலியும் விகுதியிலேயே பிரிந்துவிடுகின்றன.

ஒரே குறை. “ஏன் இப்படிப் படுத்துறீங்க?” என்று என் வீட்டம்மா கேட்பதற்கும் இதே வினைதான். இந்த ரயில் விஷயத்தில் அது பொருத்தமாகவும் இருக்கிறது.

நான் கட்டிக்கொண்டிருப்பது திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதை. 1905-இல் வந்தது, 1941-இல் போனது. மாவட்டத் தலைநகராகியும் கிருஷ்ணகிரிக்கு இன்றுவரை ரயில் நிலையம் இல்லை. எனக்கு நாட்பட்டதைப் பார்த்து நாட்படுத்த வழியில்லை என்பதைச் சபை கவனத்தில் கொள்ளவும்.

கிருஷ்ணகிரி.

---

வெதரிங் என்று சொல்லி எனக்குப் பழகிவிட்டது, இனியும் சொல்வேன். கலங்கலை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பக்கம் கலங்கல் என்றால் ஏரி நிரம்பித் தண்ணீர் வழியும் இடம். ‘கலங்கல் விட்டேன்’ என்றால் ஏரி உடைந்ததா என்று கேட்பார்கள்.

ஓசூர்.

---

ஓசூர் நண்பருக்கு: ‘கலங்கல் பூச்சு’ என்று வைத்துக்கொண்டால் ஏரி தப்பித்துவிடும்.

ஐயாவுக்கு: நாட்பட்ட, நாட்படுத்திய இரண்டையும் நம் சொற்பட்டியலில் தனித்தனிப் பதிவாகச் சேர்த்துவிட்டேன். உங்கள் இன்ஜினுக்கு ஒரு யோசனை. நம் பக்கத்துத் தண்ணீரில் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளை படிகிறதே, நீராவி இன்ஜின் கொதிகலனிலும் உப்புத்தண்ணீர் கசிந்த இடத்தில் அப்படித்தான் வெள்ளைக் கோடு விழும். பாதுகாப்பு வால்வுக்குக் கீழே, கொதிகலனைக் கழுவும் அடைப்பான்களுக்குக் கீழே. வெள்ளையை அப்படியே வைக்காமல் துளி சாம்பல் நிறம் கலந்துகொள்ளுங்கள்.

வேகனின் படம் இரண்டு இணைத்திருக்கிறேன். இரண்டாவது படத்தில் வலது கதவுக்குக் கீழே புழுதி கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது. வார்னிஷ் அடித்தால் பேஸ்டல் தூள் பாதி மறைந்துவிடும் என்று வேண்டுமென்றே அதிகம் வைத்தேன், இந்தத் தடவை பார்த்து மறையவே இல்லை. ஈரப்பஞ்சால் எடுத்தால் கீழே இருக்கும் கலங்கல் பூச்சும் வந்துவிடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.