உவர்மலை வீட்டார் குழு: ஆதவனின் நித்திரை

ஞாயிற்றுக்கிழமை

சுகந்தி (11.38): அம்மா, மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் வரப் பிந்தும். ஆதவன் இன்னும் எழும்பவில்லை. கதவைத் தட்டித் தட்டிக் கை நோகிறது.

அம்மம்மா (11.40): பிள்ளைக்குக் காய்ச்சலோ? அறநெறி வகுப்புக்கும் போகவில்லையா?

சுகந்தி (11.41): காய்ச்சல் ஒன்றும் இல்லை. விடியப்புறம் மூன்று மணிக்கும் அவன் அறையில் போன் வெளிச்சம் தெரிந்தது. நாளைக்கு 6 மணிக்கு எழுப்பினால் என்னோடுதான் சண்டை பிடிப்பான். ஒவ்வொரு திங்களும் இதே கூத்து.

குகன் (11.44): போன் திரையின் நீல ஒளியைத் தடுக்கும் மூக்குக் கண்ணாடி என்று ஒன்று வந்திருக்கிறது. படம் அனுப்புகிறேன். வாங்கிக் கொடு, எல்லாம் சரியாகிவிடும்.

சுகந்தி (11.45): பிறந்தநாளுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்துக்கும் இதைத்தான் சொன்னீர்கள் அண்ணா.

குகன் (11.45): அது தினமும் நித்திரைக்குப் புள்ளி போடுகிறதே. பார்ப்பதில்லையா?

சுகந்தி (11.47): பார்க்கிறேன். வியாழன் இரவு நூற்றுக்கு 84 புள்ளி. வெள்ளிக்கிழமை கணிதப் பாடத்தில் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டான் என்று வகுப்பாசிரியை சொல்லி அனுப்பினார்.

தர்சினி (11.52): வந்துவிட்டேன். வேலையில் இருக்கிறேன்.

அம்மம்மா (11.53): டொரோண்டோவில் இப்போது சாமம் அல்லவா பிள்ளை? நீயும் நித்திரை கொள்ளவில்லையா?

தர்சினி (11.55): இரண்டரை மணி ஆகப்போகிறது அம்மா. மற்றவர்கள் நித்திரை கொள்வதைப் பார்க்கத்தானே எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இன்று ஆய்வுகூடத்தில் இரண்டு பேர், தலை முழுக்க மின்முனை ஒட்டியிருக்கிறேன், இரண்டு பேரும் குறட்டை.
அண்ணா, அந்தக் கைக்கடிகாரம் மூளை அலையைப் பார்ப்பதில்லை. கை அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. எத்தனை மணிக்குப் படுத்தான், எத்தனை மணிக்கு எழும்பினான் என்பதற்கு ஓரளவு நம்பலாம். ஆழ்ந்த நித்திரை இத்தனை நிமிடம் என்று அது எழுதுவதை நான் பெரிதாக எடுக்க மாட்டேன்.

நிலா (11.56): தர்சினி மாமி, அசையாமல் படுத்துக்கொண்டு வீடியோ பார்த்தால் அதையும் நித்திரை என்று சேர்த்துவிடுகிறதாம். 84 வந்தது அப்படித்தான். ஆதவனே சொன்னான்.

ஆதவன் (11.58): நிலா மச்சாள், இந்தக் குழுவில் நானும் இருக்கிறேன்.

சுகந்தி (11.58): எழும்பிவிட்டாயா! போய்ப் பல்லைத் துலக்கு.

ரவி (12.01): போன் ஏன் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது?

குகன் (12.03): மச்சான், பேசாமல் பூட்டுப் போடு. கூகிள் ஃபேமிலி லிங்க் இருக்கிறது. நீ நேரத்தைக் குறித்துவிட்டால் இரவு 9 மணிக்கு அவன் போன் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

ஆதவன் (12.05): டியூஷன் முடிந்து வீட்டுக்கு வரவே எட்டரை. வகுப்புக் குழுவில் பயிற்சித் தாள் வருவது 10 மணிக்குப் பிறகு. பூட்டினால் அதை யார் செய்வது? பூட்டினாலும் எனக்கு 9 மணிக்கு நித்திரை வராது மாமா.

தர்சினி (12.11): வராதுதான். அதைச் சோம்பல் என்று யாரும் திட்டாதீர்கள். இரவாகிவிட்டது என்று உடம்புக்கு உணர்த்தும் மெலட்டோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு பருவ வயதில் பிந்தித் தொடங்குகிறது. மேரி கார்ஸ்காடன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை ஆண்டுக்கணக்காகப் படித்திருக்கிறார். 13 வயதுப் பிள்ளையை எட்டரைக்குப் படுக்க வைத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான்.
ஆனால் அவனுக்கு 8 முதல் 10 மணி நேரம் நித்திரை வேண்டும். பள்ளி நாளில் பன்னிரண்டரைக்குப் படுத்து 6 மணிக்கு எழும்புகிறான்: ஐந்தரை மணி நேரம். சனி இரவு மூன்று மணிக்குப் படுத்துப் பதினொன்றரைக்கு எழும்புகிறான். இரண்டு நித்திரைக்கும் நடுப்புள்ளியைப் பாருங்கள். ஒன்று 3.15, மற்றது 7.15. வெள்ளிக்கிழமை லண்டனுக்குப் பறந்து ஞாயிறு இரவு திருகோணமலைக்குத் திரும்பி வருகிறவனின் உடம்பு போலத்தான் அவன் உடம்பும். 2006இல் இதற்குச் 'சமூக ஜெட்லாக்' என்று பெயர் வைத்தார்கள்.

ஆதவன் (12.13): அப்படியென்றால் பள்ளிக்கூடம்தான் பிழை.

தர்சினி (12.15): கொஞ்சம் அப்படித்தான் ராசா. நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இலேயே சொன்னது. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2022இல் சட்டமே நடைமுறைக்கு வந்தது.

ஆதவன் (12.15): இதை எங்கள் அதிபருக்கு அனுப்பட்டுமா?

ரவி (12.16): இங்கே பள்ளிக்கூடம் தொடங்குவது ஏழரைக்கு. ஏழரை ஏழரைதான்.

குகன் (12.18): மெலட்டோனின் குறைவென்றால் அந்த மாத்திரையைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாமே?

தர்சினி (12.20): வேண்டாம் அண்ணா. குறைவு என்று நான் சொல்லவில்லை, பிந்துகிறது என்றுதான் சொன்னேன். மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் பிள்ளைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. கண்ணாடியும் வேண்டாம். அது வெளிச்சத்தைத் தடுக்கும், வகுப்புக் குழுவைத் தடுக்குமா?

குகன் (12.21): சிகிச்சையையே செயலியில் தருகிறார்களாமே?

தர்சினி (12.25): உண்மைதான். ஸ்லீப்பியோ என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் சிகிச்சைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு 2022இல் அதைப் பரிந்துரைத்தது. ஆனால் அது நித்திரை வராமல் தவிக்கும் பெரியவர்களுக்கு. படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்கும் பயிற்சி எல்லாம் அதில் வரும். வளரும் பிள்ளையை வைத்து நாமாக அதைச் செய்து பார்க்கக் கூடாது. இவனுக்கு நித்திரை நன்றாகத்தான் வருகிறது, நேரம்தான் இடம் மாறிக் கிடக்கிறது.
படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். எழும்பும் நேரத்தைப் பிடியுங்கள். சனி, ஞாயிறும் ஏழரைக்கு மேல் போகக் கூடாது. எழும்பியவுடன் வெளியே வெளிச்சத்துக்குப் போக வேண்டும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் மூளையிலுள்ள கடிகாரம் முன்னால் நகரும். இரவு வெளிச்சம் அதையே பின்னால் தள்ளும். ஆறு மணியளவில் கடலுக்கு மேலே சூரியன் ஏறுகிற ஊரில் இருக்கிறீர்கள். எனக்கு இங்கே குளிர்காலத்தில் ஏழே முக்கால் ஆகும்.

அம்மம்மா (12.27): நாங்கள் எட்டு மணிக்கே விளக்கை அணைத்துவிடுவோம்.

சுகந்தி (12.28): அம்மா, நாடகம் முடியாமல் நீங்கள் எப்போது படுத்தீர்கள்?

நிலா (12.33): ஆண்ட்ராய்டு போனில் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதி இருக்கிறது மாமி. அதில் நித்திரை நேரத்தைக் குறித்தால் திரை கறுப்பு வெள்ளையாகிவிடும், அறிவிப்புச் சத்தமும் அடங்கும். நான் பரீட்சைக் காலத்தில் போட்டிருந்தேன். கறுப்பு வெள்ளையில் எந்த வீடியோவும் இழுக்காது.

தர்சினி (12.36): நல்லது. நேரத்தை ஆதவனே குறிக்கட்டும். நாம் குறித்தால் நாலாம் நாள் அதை நிறுத்தும் வழியைக் கண்டுபிடித்துவிடுவான்.

ஆதவன் (12.37): இப்போதே தெரியும்.

ஆதவன் (12.40): 10.15. போனைக் கூடத்தில் வைக்கிறேன், மணிக்கூட்டில் அலாரம் வைக்கிறேன். அப்பாவும் கூடத்தில் வைப்பாரா?

சுகந்தி (12.41): 😀

நிலா (12.44): மாமா தட்டச்சு செய்வதும் நிறுத்துவதுமாகவே இருக்கிறார்.

ரவி (12.46): சரி.

தர்சினி (12.50): இன்னும் ஒன்று. அந்தப் புள்ளியை மறந்துவிட்டு ஒரு தாளில் எழுதுங்கள். படுத்தது, எழும்பியது, பகல் நித்திரை, கடைசித் தேநீர், ஏன் பிந்தியது. டியூஷனுக்குப் போகும் முன் அவன் போடும் தூக்கம் எவ்வளவு?

சுகந்தி (12.51): மூன்று மணிக்குப் படுத்தால் ஐந்து. பிறகு அம்மா போட்டுக் கொடுக்கும் சாயத் தண்ணீர், இரவிலும் ஒன்று.

தர்சினி (12.53): தூக்கம் 20 நிமிடம் போதும். இரவுத் தேநீரை விடட்டும். தேநீரிலுள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் செல்லும். குறட்டையின் நடுவே மூச்சு நின்று திணறினால், அல்லது போதிய நித்திரை கொண்ட நாளிலும் வகுப்பில் தூங்கி விழுந்தால், தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். என் ஆள் ஒருவர் எழும்புகிறார், வயர் கழன்றுவிடும். வருகிறேன்.

நிலா (13.10): கூகிள் ஷீட்டில் அட்டவணை போட்டுவிட்டேன். இணைப்பு மேலே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை

ரவி (7.20): பிரட்ரிக் கோட்டையில் நிற்கிறோம். மானோடு ஆதவன். படம்.

ஆதவன் (7.21): அப்பா, அதை நீக்குங்கள். என் தலைமயிரைப் பாருங்கள்.

நிலா (9.05): அட்டவணையைப் பார்த்தீர்களா மாமி? 11 மணிக்குப் பிறகு படுத்த இரவுகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் காரணம் 'பயிற்சித் தாள்'.

சுகந்தி (9.12): அதைப் படம் பிடித்து டியூஷன் ஆசிரியருக்கு அனுப்பினேன். வேறு இரண்டு தாய்மாரும் சேர்ந்து எழுதினார்கள். இனி எட்டு மணிக்குள் அனுப்புகிறாராம், பிந்தினால் அடுத்த நாள் செய்தால் போதுமாம்.

குகன் (9.15): பூட்டே தேவைப்படவில்லையா?

ஆதவன் (9.18): இல்லை மாமா. மச்சாள், அந்த மற்ற இரவுக்குக் காரணத்தையும் எழுதுங்கள். கூடத்தில் அப்பாவின் கிரிக்கெட்.

ரவி (9.20): போட்டித் தொடர் முடிந்துவிட்டது.