சார்லஸ் கில்பின்: 'தி எம்பரர் ஜோன்ஸ்' நாடகத்துக்கு முன்னும் பின்னும்

அரிதாரம்:
நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயின் பட்டியல்களில் கறுப்பின நடிகர் சார்லஸ் கில்பின் பெயரைத் தேடினால் 1919-க்கு முன் உருப்படியாக எதுவும் கிடைப்பதில்லை. அடுத்த வருடமே யூஜின் ஓ'நீல் எழுதிய 'தி எம்பரர் ஜோன்ஸ்' நாடகத்தின் நாயகன். பிறகு மறுபடி பெயரைக் காணோம். அதற்கு முன் எங்கே நடித்துக்கொண்டிருந்தார்? கிட்டத்தட்ட ஒரே ஆள் பேசுகிற ஆறு காட்சிகளை மேடையில் எப்படித் தாங்கினார்கள்? 1924-இல் அந்த வேடம் அவரை விட்டுவிட்டு நடிகர் பால் ராப்சனிடம் போனது ஏன்? பிரதியைப் படித்துவிட்டேன், கதைச்சுருக்கம் வேண்டாம்.

முன்வரிசை:
அந்தக் காலத்துக் கறுப்பின நடிகரின் தொழிலை பிராட்வே பட்டியலை வைத்து அளக்க முடியாது. அவர்களுக்கு வேலை இருந்த இடமே வேறு.

கில்பின் 1878-இல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் பிறந்தவர். 'ரிச்மண்ட் பிளானட்' பத்திரிகையில் அச்சுத்தொழில் பழகினார். பாடகர் குழுக்களோடு ஊர் ஊராகச் சுற்றி, 1907 வாக்கில் சிகாகோவின் பெகின் தியேட்டர் குழுவுக்கு வந்தார். 1915-இல் நியூயார்க்கில் கறுப்பின நடிகை அனிதா புஷ் தொடங்கிய குழுவில் சேர்ந்தார். ஹார்லெமில் லிங்கன் தியேட்டரில் ஆரம்பித்து லாஃபயெட் தியேட்டருக்கு மாறி 'லாஃபயெட் பிளேயர்ஸ்' ஆனது அந்தக் குழுதான். அங்கே வாராவாரம் நாடகம் மாறும். இரவில் இந்த வார நாடகம், பகலில் அடுத்த வாரத்துக்கு ஒத்திகை. மனப்பாடமும் குரலும் தேறாத ஆள் அங்கே ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. நாடகம் இல்லாத மாதங்களில் அச்சகம், முடிதிருத்தல், லிஃப்ட் இயக்குவது என்று பிழைப்பு ஓடியது.

15 டிசம்பர் 1919-இல் கோர்ட் தியேட்டரில் 'ஆபிரகாம் லிங்கன்' நாடகம் அரங்கேறியது. அதில் வில்லியம் கஸ்டிஸ் என்ற சின்ன வேடம், ஒரே ஒரு காட்சி. வெள்ளையர் பத்திரிகைகளின் கண்ணில் பட்டது அதனால்தான். அதற்கு முந்தைய வருடங்களைத் தேட கறுப்பினப் பத்திரிகைகளான 'நியூயார்க் ஏஜ்', 'சிகாகோ டிஃபெண்டர்' பழைய இதழ்களைப் புரட்டுங்கள். வாரம் ஒரு நாடகம் என்பதால் பிப்ரவரி இதழில் வந்த பெயரை வைத்து மார்ச் மாதமும் அதே வேடம் என்று எழுதிவிடாதீர்கள். பலர் சறுக்குவது அங்கேதான்.

ஒளிக்காரர்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 'தி எம்பரர் ஜோன்ஸ்' முதலில் ஏறியது 1 நவம்பர் 1920, நியூயார்க் மெக்டூகல் தெரு பிராவின்ஸ்டவுன் பிளேஹவுஸில். மேடை மிகச் சின்னது. குழுவை நடத்திய ஜார்ஜ் கிராம் குக், குழுவின் கையிருப்பில் பெரும்பகுதியைக் கொட்டி, மேடையின் பின்புறம் வளைந்த குவிமாடச் சுவர் ஒன்றைக் கட்டவைத்தார். வரைந்த வானம் விளக்குப் பட்டதும் துணி என்று காட்டிக்கொடுத்துவிடும். வளைந்த சுவரில் மூலையோ மடிப்போ இல்லாததால் ஒளி சீராகப் பரவி, ஆழம் எவ்வளவு என்று கண் கணிக்க முடியாமல் போகும். அந்தச் சின்ன மேடையில் காடு நின்றதற்குக் காரணம் அதுதான். செலவைப் பார்த்து முணுமுணுத்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் நாடகத்தில் பாதி வேலையை அந்தச் சுவர் செய்தது.

காட்டுக்குள் தப்பி ஓடும் நாயகன் ஜோன்ஸைத் துரத்தும் பறையின் வேகத்தைப் பிரதியே சொல்லிவிடுகிறது: நிமிடத்துக்கு 72, சாதாரண நாடித்துடிப்பு. முதல் காட்சி முடிவில் ஆரம்பித்து இடைவிடாமல் ஏற வேண்டும். வழக்கமாக நடக்கும் தப்பு, மூன்றாம் காட்சிக்குள்ளேயே வேகத்தைக் கொட்டித் தீர்ப்பது. அப்புறம் ஏற இடமே இருக்காது.

குண்டுக் கணக்கும் முக்கியம். ஜோன்ஸின் துப்பாக்கியில் ஈயக் குண்டு ஐந்து, வெள்ளிக் குண்டு ஒன்று. இரண்டு, மூன்று, நான்காம் காட்சிகளில் ஒவ்வொன்று. ஐந்தாவதில், அடிமை ஏலக் காட்சியில், இரண்டு. ஆறாவதில் வெடியே கிடையாது. ஏழாவதில் முதலைக்கு வெள்ளிக் குண்டு. பார்வையாளர்களும் கூடவே எண்ணிக்கொண்டிருப்பார்கள், ஒரு வெற்றுத்தோட்டா வெடிக்காமல் போனாலும் கணக்கு குழம்பிவிடும். உடையும் அப்படித்தான், காட்சிக்குக் காட்சி கிழிந்து கழன்று கடைசியில் இடுப்புத்துணி அளவுக்கு வந்து நிற்கும். இவ்வளவையும் பார்த்துக்கொண்டே வசனம் பேச லாஃபயெட்டின் வாராந்தரப் பயிற்சி எவ்வளவு உதவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

திரைமறைவு:
டிசம்பர் கடைசியில் நாடகம் செல்வின் தியேட்டருக்கும், பிறகு பிரின்ஸஸ் தியேட்டருக்கும் போனது. மொத்தம் 204 ஆட்டங்கள். 1921-இல் டிராமா லீக் என்ற நாடக அமைப்பு அந்த ஆண்டு நாடகக் கலைக்கு அதிகம் செய்த பத்துப் பேரில் ஒருவராகக் கில்பினைத் தேர்ந்தெடுத்தது. அவர்களுக்கான பாராட்டு விருந்துக்குக் கறுப்பினத்தவரை அழைப்பதா என்று சர்ச்சை கிளம்பியது, ஓ'நீல் மற்ற கலைஞர்களைத் திரட்டி எதிர்த்தார், கில்பின் போய் வந்தார். அதே ஆண்டு, சாதனை படைத்த கறுப்பினத்தவருக்குத் தரப்படும் ஸ்பிங்கார்ன் பதக்கமும் கிடைத்தது.

பிறகு சுற்றுப்பயணம். வசனத்தில் திரும்பத் திரும்ப வரும் இனவசைச் சொல்லைச் சொல்ல அவருக்கு மனமில்லை, வேறு சொல் போட்டுப் பேசினார். ஓ'நீலுக்கு அது பொறுக்கவில்லை. குடியும் சேர்ந்துகொண்டது. 1924 மறுமேடையேற்றத்திலும் 1925 லண்டனிலும் வேடம் பால் ராப்சனுக்குப் போனது. குடியை மட்டும் காரணம் காட்டும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. இரவுக்கு இரவு அந்தச் சொல்லை வாயில் வைக்க வேண்டியவர் அவர்தானே.

1926-இல் அதே வேடத்தில் திரும்ப நடித்தார். அந்த வருடமே 'டென் நைட்ஸ் இன் எ பார்ரூம்' ஊமைப்படம். 1930 மே மாதம் நியூஜெர்சியில் இறந்தார். தான் மனதில் நினைத்த பாத்திரத்தை முழுதாக மேடைக்குக் கொண்டுவந்த ஒரே நடிகர் கில்பின் என்று ஓ'நீலே பிற்காலத்தில் சொன்னார்.

அரிதாரம்:
அருமை, நன்றி. ஒளிக்காரரே, ஏழாம் காட்சியோடு பறை நின்றுவிடுமா?

ஒளிக்காரர்:
நிற்காது. விடியலில் நடக்கும் எட்டாம் காட்சியில் பறை பக்கத்திலேயே ஒலிப்பதுபோல் இருக்க வேண்டும். காட்டுக்குள் துப்பாக்கிகள் வெடித்து, ஆரவாரம் எழுந்த பிறகுதான் சட்டென்று நிறுத்த வேண்டும். ஒரே ஆள் அடித்தால் ஆறாம் காட்சியில் கை தளர்ந்து வேகம் இறங்கிவிடும். இரண்டு பேரை வைத்து, ஐந்தாம் காட்சியின் இரட்டை வெடிச் சத்தத்தில் கை மாற்றிக்கொள்ளுங்கள், வெளியே தெரியாது.