ஜனவரி 6, அயர்லாந்தின் ‘பெண்கள் கிறிஸ்துமஸ்’: அழைப்பு வந்திருக்கிறது, விளக்கம் தேவை

லீ_நதிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கார்க் நகரில் குடியேறி ஒன்றரை ஆண்டு ஆகிறது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி வசிக்கும், எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார், வருகிற ஜனவரி 6 அன்று மாலை தம் வீட்டுக்கு வரும்படி என்னை அழைத்திருக்கிறார். அழைப்பு எனக்கு மட்டும்தான். என் கணவரும் உடனிருந்தபோதே, “அன்று மாலை பிள்ளைகளையும் அடுப்பையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று அவரிடம் சொல்லிவிட்டார். அது பெண்களுக்கான கிறிஸ்துமஸ் என்றும், ஐரிஷ் மொழியில் அதற்கு ‘நொல்லிக் ந மன்’ என்று பெயர் என்றும் அவர் சொன்னது மட்டுமே எனக்குத் தெரியும்.

இது திருச்சபை சார்ந்த வழிபாடா, வெறும் விருந்தா? நான் கிறிஸ்தவர் அல்ல என்பதால் கேட்கிறேன். கையில் என்ன கொண்டுபோவது முறையாக இருக்கும்? நகரத்து ஓட்டல்கள் பலவும் இதே நாளுக்கு ‘பெண்கள் கிறிஸ்துமஸ்’ தேநீர் விருந்து என்று விளம்பரம் வைத்திருப்பதைப் பார்த்தால், இது உண்மையிலேயே பழைய வழக்கம்தானா என்ற ஐயமும் எழுகிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆண்டு முழுவதும் உழைப்பவளுக்கு ஒரே ஒரு மாலை ஓய்வு கொடுத்து அதற்கு விழா என்று பெயர் வைப்பது பெண்ணுக்குப் பெருமைதானா என்று மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ட்ராலீ_செவிலி எழுதியது:

அன்புச் சகோதரி, தயங்காமல் போய் வாருங்கள். நான் கெர்ரி மாவட்டத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வாழ்கிறேன். ஆண்டுதோறும் அந்த மாலைக்காகக் காத்திருப்பவள் நான்.

முதலில் ஐயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது ஓட்டல்காரர்கள் உண்டாக்கிய நாள் அல்ல. கார்க், கெர்ரி ஆகிய தென்மேற்கு மாவட்டங்களில், குறிப்பாக ஐரிஷ் மொழி வீட்டுமொழியாக நிலைத்த டிங்கிள் தீபகற்பம் போன்ற பகுதிகளில், இது விட்டுப்போகாமல் தொடர்ந்து வந்திருக்கிறது. நாட்டின் மற்ற இடங்களில் அதே நாள் ‘சிறிய கிறிஸ்துமஸ்’ என்றே பெரும்பாலும் அறியப்பட்டிருந்தது. பெண்கள் ஒன்றுகூடும் நாளாக அது நாடெங்கும் பரவியது அண்மைப் பத்தாண்டுகளில்தான். ஓட்டல் விருந்துகளும், நற்பணிக்கு நிதி திரட்டும் பெண்களின் கூட்டங்களும், விடியற்காலையில் கூட்டமாகக் கடலில் குளிப்பதும் அந்தப் புதிய பரவலைச் சேர்ந்தவை. பழைய வேரும் புதிய கிளையும் ஒரே மரத்தில் இருப்பதால்தான் உங்களுக்குக் குழப்பம் வந்திருக்கிறது.

ஜனவரி 6 கத்தோலிக்கர்களுக்குத் திருக்காட்சிப் பெருவிழா. கீழ்த்திசை ஞானிகள் குழந்தை இயேசுவைக் காண வந்ததை நினைவுகூரும் நாள். பக்தியுள்ளவர்கள் காலையில் திருப்பலிக்குப் போவார்கள். மாலைக் கூடுகைக்கும் வழிபாட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை, எனவே சமயம் உங்களுக்குத் தடையாக இராது. கிறிஸ்துமஸின் பன்னிரண்டு நாட்கள் அன்றோடு முடிகின்றன என்பதும், அலங்காரங்களை அன்றே கழற்ற வேண்டும் என்று இங்குள்ளவர்கள் உறுதியாக இருப்பதும்தான் அந்த வீட்டில் நீங்கள் காணப்போகும் சமயச் சாயல்.

இதன் உட்பொருள் புரிய வேண்டுமானால் பழைய பண்ணைவீட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். டிசம்பர் முழுவதும் வீட்டைத் துடைத்து, வெள்ளையடித்து, வாத்தையும் வான்கோழியையும் வளர்த்து, சந்தைக்கு அனுப்பி, கேக் சுட்டு, பன்னிரண்டு நாளும் வந்துபோகிறவர்களுக்குப் பரிமாறியவள் அந்த வீட்டின் பெண். கோழி, முட்டை, வெண்ணெய் ஆகியவற்றால் வரும் காசு பெரும்பாலும் அவள் கையில்தான் இருந்தது. மளிகைக் கடன் தீர்வதும், பிள்ளைகளுக்குத் துணி எடுப்பதும் அந்த முட்டைக் காசில்தான். கிறிஸ்துமஸ் செலவெல்லாம் போக மீந்த சில்லறையோடு, வேலை ஓய்ந்த ஜனவரி 6 அன்று அவள் சகோதரியையோ தோழியையோ பார்க்கப் போவாள். அவள் இல்லாத நேரத்தில் வீட்டை ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள். மதுக்கடை ஆண்களின் இடமாக இருந்த காலத்தில், சில பெண்கள் அன்று துணிந்து கடையின் ‘ஸ்னக்’ எனப்படும் தடுப்பறையில் அமர்ந்து ஒரு கிளாஸ் அருந்தினார்கள் என்று இங்குள்ள மூத்தவர்கள் சொல்வார்கள். பெரும்பாலான வீடுகளில் தேநீரும், உலர்திராட்சை போட்ட கேக்கின் கடைசித் துண்டுகளும்தான் விருந்து.

நாட்டார் வழக்காற்று அறிஞர் கெவின் டேனஹர் பெயர்க்காரணத்தையும் உணவை வைத்தே பதிவு செய்திருக்கிறார். பெரிய கிறிஸ்துமஸில் மாட்டிறைச்சியும் விஸ்கியுமாக ஆண்களின் விருப்பம் மேலோங்கியிருக்கும், ஜனவரி 6 அன்று கேக்கும் தேநீரும் ஒயினுமாகப் பெண்களின் விருப்பம் மேலோங்கியிருக்கும் என்பது மக்கள் வழக்கமாகச் சொன்ன விளக்கம்.

என் முதல் அனுபவத்தையும் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். பக்கத்து வீட்டு அழைப்பை ஏற்று நான் இரண்டு பாத்திரம் நிறையச் சமைத்துக்கொண்டு போனேன். போனதும் எல்லோருக்கும் பரிமாறத் தொடங்கினேன், பின்பு கோப்பைகளைக் கழுவ எழுந்தேன். வீட்டுக்காரப் பாட்டி என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, “இன்று நீ வேலை செய்தால் இந்த நாளுக்கே அர்த்தமில்லை” என்றார். அவருடைய மகன் வந்து கோப்பைகளை எடுத்துப் போனார். ஆகவே நீங்கள் சமைத்துக் களைத்துப்போய் அங்கே செல்ல வேண்டாம். கடையில் வாங்கிய ஒரு நல்ல கேக்கோ, சாக்லேட் பெட்டியோ, சிறு பூங்கொத்தோ போதும்.

பழங்கதைத்_தேடல் எழுதியது:

மேலே எழுதிய சகோதரி நடைமுறையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் வழக்காற்றுப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

எழுத்தில் அந்தப் பெயரைப் பார்த்தால் உச்சரிப்பு தடுமாறும், ஏனெனில் ‘ம’ ஒலிக்குரிய எழுத்தை அடுத்து ‘ப’ ஒலிக்குரிய எழுத்தும் நிற்கும். ஐரிஷ் மொழியில் சில இலக்கணச் சூழல்களில் சொல்லின் முதல் மெய்யை முன்வரும் இன்னொரு மெய் மறைத்துவிடும். மறைந்த எழுத்தை எழுதுவார்கள், ஒலிக்கமாட்டார்கள். ‘பன்’ என்றால் ‘பெண்களின்’; முன்னே ‘ந’ வந்ததும் அது ‘மன்’ என்று ஒலிக்கிறது. ‘பான்ஷீ’ என்ற அழுகுரல் தேவதையின் பெயரில் உள்ள முதற்பகுதியும் இதே ‘பெண்’ என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். வாசலில் நின்று “நொல்லிக் ந மன் ஹொனா” என்று வாழ்த்துங்கள், அந்த அம்மையார் மகிழ்ந்துபோவார்.

இந்த நாளை ஒட்டிய பழைய சடங்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது பன்னிரண்டு விளக்குகள். வெஸ்ட்மீத் மாவட்டத்தைப் பற்றி 1682ஆம் ஆண்டு எழுதிய சர் ஹென்றி பியர்ஸ், பன்னிரண்டாம் நாளுக்கு முந்தைய இரவில் ஓட்ஸ் நிரப்பிய சல்லடையை இயன்றவரை உயரத்தில் வைத்து, அதில் ஒரு டஜன் மெழுகுவத்திகளையும் நடுவில் பெரியதாக ஒன்றையும் ஏற்றுவார்கள் என்று குறித்திருக்கிறார். அவை இயேசுவையும் அவருடைய திருத்தூதர்களையும் குறிக்கும் என்பது அவர் தரும் விளக்கம். ஏழை வீடுகளில் மெழுகுவத்திக்குப் பதில் கொழுப்பில் தோய்த்த கோரைத்தண்டுகள் எரிந்தன. சில இடங்களில் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு தண்டை ஏற்றி, எது முதலில் அணைகிறதோ அதற்குரியவர் முதலில் இறப்பார் என்று கலக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நள்ளிரவில் கிணற்று நீர் ஒயினாகவும், கோரைகள் பட்டாகவும், சரளைக்கல் பொன்னாகவும் மாறும் என்ற நம்பிக்கையும் இருந்தது. கானாவூர்த் திருமணத்தில் தண்ணீர் திராட்சை இரசமான அற்புதத்தையும் திருச்சபை இதே பெருவிழாவோடு சேர்த்தே நினைவுகூர்ந்து வந்தது என்பதை அறிந்தால், ஒயின் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

இன்னொரு செய்தி, சற்றே விலகிச் செல்வது போலத் தோன்றினாலும் இந்த நாளோடு பிரிக்க முடியாதது. 1839 ஜனவரி 6 இரவு, இதே பெண்கள் கிறிஸ்துமஸ் இரவில், அயர்லாந்தின் வரலாற்றில் மிகக் கொடியவற்றுள் ஒன்றான புயல் அடித்தது. ‘பெருங்காற்று இரவு’ என்று இன்றும் சொல்கிறார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து, 1909 ஜனவரியில், எழுபது வயது நிரம்பியவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் வழங்கத் தொடங்கியபோது, பலரிடம் பிறப்புச் சான்று இல்லை. அனைவருக்குமான பிறப்புப் பதிவு அங்கே 1864இல்தான் தொடங்கியது. பெருங்காற்று இரவு நினைவில் இருக்கிறது என்று சொல்வதே வயதுக்குச் சான்றாக ஏற்கப்பட்டது. பெண்கள் விருந்தாடப் போயிருந்த இரவு ஒரு தலைமுறைக்கே காலக்கணக்காக ஆகிவிட்டது.

உங்களுக்கு ஆர்வம் இருந்தால், 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் தம் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய வழக்காற்றுத் தொகுப்பு டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்படுகிறது. அது இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் அம்மையாரின் ஊர்ப் பெயரைக் கேட்டுத் தேடிப் பாருங்கள்.

கால்வே_வாசகி எழுதியது:

கேள்வி கேட்ட சகோதரியின் கடைசி ஐயத்துக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். அந்த ஐயம் நியாயமானது. ஐரிஷ் மொழியிலேயே ஒரு பழமொழி உண்டு. ‘ஆண்களின் கிறிஸ்துமஸ் நல்ல பெரிய கிறிஸ்துமஸ், பெண்களின் கிறிஸ்துமஸ் பயனற்ற கிறிஸ்துமஸ்’ என்பது அதன் பொருள். முதல் விருந்தில் இறைச்சியெல்லாம் தீர்ந்தபின் மிச்சம் மீதியே பெண்களின் நாளுக்கு வந்தது என்ற உண்மை அதில் இருக்கிறது. அந்தத் தேநீர்க் கோப்பையை நாம் அழகுபடுத்திப் பேசும்போது இதை மறக்கக் கூடாது.

இந்த நாட்டில் அரசுப் பணியிலிருந்த பெண், மணமானதும் வேலையை விட்டு விலக வேண்டும் என்ற விதி 1973 வரை இருந்தது. 1937இல் இயற்றப்பட்ட அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு, பெண் ‘இல்லத்துக்குள் வாழும் வாழ்வால்’ நாட்டுக்குத் துணை செய்கிறாள் என்று கூறுகிறது. அதை மாற்ற 2024 மார்ச் 8 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் மறுத்து வாக்களித்தனர். முன்வைத்த புதிய வாசகம் போதாது என்று கருதி மறுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனாலும் பழைய வரிகள் இன்றும் அப்படியே நிற்கின்றன. ஆண்டில் 364 நாள் யார் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று கேட்காமல் ஒரு நாளை மட்டும் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ட்ராலீ_செவிலி எழுதியது:

தங்கையே, நீங்கள் சொன்ன பழமொழியை நானும் கேட்டிருக்கிறேன், அதிலுள்ள வலியை மறுக்கவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பழைய நாளில் அந்த மாலையை ஆண்கள் பெண்களுக்கு ‘வழங்கியதாக’ நினைப்பதில்தான் நாம் வழிதவறுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் தம் முட்டைக் காசில், தம் தோழிகளோடு, தாமே எடுத்துக்கொண்ட மாலை அது. நான் பழகிய மூத்த பெண்கள் யாரும் இதைக் கணவர் கொடுத்த விடுமுறையாக ஒருநாளும் பேசியதில்லை; “எங்கள் நாள்” என்றே பேசுவார்கள். அந்த அறையில் ஆண் இல்லாதபோது பேசப்படுபவை வேறு வகையானவை. இழந்த பிள்ளைகளைப் பற்றியும், படிக்க முடியாமல் போனதைப் பற்றியும், திருமணத்தால் விட்ட வேலையைப் பற்றியும் நான் முதன்முதலில் கேட்டது மருத்துவமனையில் அல்ல, அப்படியொரு மாலையில்தான். நீங்கள் குறிப்பிட்ட, 1973 வரை இருந்த அந்த விதியால் தபால் நிலைய வேலையை இழந்த ஒருவர் அன்று என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். அவர் அதை யாரிடம் சொல்லியிருப்பார், அந்த நாள் இல்லாவிட்டால்?

கால்வே_வாசகி எழுதியது:

அக்கா, இதை நான் இப்படி எண்ணிப் பார்த்ததில்லை. பாத்திரக் கணக்கில் என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்த அறைக்குள் நடக்கும் பேச்சைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்.

லீ_நதிக்கரை எழுதியது:

விரிவாக எழுதிய மூவருக்கும் என் நன்றி. நேற்று அந்த அம்மையாரை வழியில் கண்டபோது முட்டைக் காசைப் பற்றிக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, மேற்குக் கார்க்கில் அவருடைய தாய் அடுப்புக்கு மேலே ஒரு பீங்கான் குவளையில் அந்தக் காசைப் போட்டு வைப்பார் என்றும், தம்முடைய பள்ளிக் காலணிகள் எல்லாம் அந்தக் குவளையிலிருந்து வந்தவை என்றும், கிறிஸ்துமஸ் முடிந்து அதில் மீந்திருப்பதை வைத்துத்தான் ஜனவரி 6க்குக் கடையில் ஒரு கேக் வாங்கப்படும் என்றும் சொன்னார். ஆண்டு முழுவதும் தம் தாய் கடையில் வாங்கிய கேக்கைத் தின்றது அந்த ஒரு நாளில்தானாம். பன்னிரண்டு விளக்குகள் ஏற்றிய நினைவு அவருக்கு இல்லை, ஆனால் சன்னலில் ஒரே ஒரு மெழுகுவத்தி எரிந்தது நன்றாக நினைவிருக்கிறது என்றார்.

ஆகவே நான் வீட்டில் எதுவும் சமைக்கவில்லை. கடையில் ஒரு கேக்கும், சன்னலில் வைக்க ஒரு மெழுகுவத்தியும் வாங்கி வைத்திருக்கிறேன். அன்று பிள்ளைகளின் இரவு உணவும் மறுநாள் பள்ளிக்கான ஏற்பாடும் என் கணவரின் பொறுப்பு. குவளை இன்னும் தம்மிடம் இருக்கிறது, வரும்போது காட்டுகிறேன் என்று அந்த அம்மையார் சொல்லியிருக்கிறார்.