ஓநாய்க் காதல் கதை படிப்பவர்களே, நிஜ ஓநாயைப் பார்த்த அனுபவம் இருக்கிறதா?

இரண்டு வருடமாக நான் படிப்பது பெரும்பாலும் ஒரே வகைக் கதைகள்தான். மனிதனாகவும் ஓநாயாகவும் மாறுகிற ஆண்கள், அவர்கள் நடுவில் ஒரு பெண். அவளுக்கு விதி எழுதிவைத்த துணை ஒருவன் இல்லை. மூன்று பேர், சில கதைகளில் ஐந்து பேர். வாசனை பட்டதுமே "இவள் நம்மவள்" என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். பிள்ளைக்குப் பால் கொடுக்க இரவு இரண்டு மணிக்கு எழுந்தால், ஒரு கையில் அவன், இன்னொரு கையில் போன். சியாட்டிலில் அந்த முதல் வருடம் எனக்குத் துணை இருந்தவை இந்தக் கதைகள்.

எனக்குப் பிடித்த இடங்கள் முத்தக் காட்சிகள் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வரும். ஒருவன் கஞ்சி வைப்பான், ஒருவன் வாசலில் காவல் இருப்பான், ஒருவன் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பான். அந்த அத்தியாயங்களைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் பாட்டி வீட்டில் பிரசவத்துக்கு வந்தவளைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். இங்கே நானும் கணவரும் மட்டும்.

போன பிப்ரவரியில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போனோம். குளிர்காலத்தில் அந்தப் பூங்காவுக்குள் சாதாரணக் கார் போகத் திறந்திருக்கும் சாலை ஒன்றுதான்: வடக்கு வாசலிலிருந்து லமார் பள்ளத்தாக்கு வழியாகக் கூக் சிட்டி வரை. பிப்ரவரி ஓநாய்கள் இணை சேரும் மாதம் என்பது எனக்கு அப்போது தெரியாது. விடியும் முன்பே போய்ச் சாலையோரம் காரை நிறுத்தினோம். எங்களுக்கு முன்பே ஏழெட்டுப் பேர் ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (தொலைதூரம் பார்க்கும் தொலைநோக்கி) முக்காலியில் வைத்து நின்றிருந்தார்கள். யாரும் பேசவில்லை. ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, வாயைத் திறக்காமல், தன் ஸ்கோப்பைக் கைகாட்டினார்.

மூச்சுப் பட்டுக் கண்ணாடி பனித்துவிட்டது. துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கச் சரிவில் இரண்டு. முன்னால் ஒரு கறுப்பு, பின்னால் ஒரு சாம்பல். கறுப்பு பனியில் கால் பதித்த குழியிலேயே சாம்பல் தன் காலை வைத்து வந்தது. ஒரு குழிகூடத் தவறவில்லை. ஒருவர் பாதை வெட்டினால் இன்னொருவருக்கு நடக்கும் உழைப்பு மிச்சம், அவ்வளவுதான் காரணம் என்று பெரியவர் பிறகு சொன்னார். எனக்கு அப்போதே தொண்டை அடைத்துக்கொண்டது. கறுப்பு நின்றது. சாம்பல் வந்து அதன் தோளோடு தோள் உரசி நின்றது. அப்புறம் இரண்டும் ஊளையிட்டன. முதலில் ஒன்றின் குரல்தான் எழுந்தது. அது உச்சிக்குப் போகும்போது மற்றது சேர்ந்துகொண்டது. தோளில் தூங்கிக்கொண்டிருந்த என் பிள்ளை கண்ணைத் திறந்து அந்தத் திசையில் பார்த்தான்.

அன்று அந்தப் பெரியவரிடம் கேட்ட கதைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அங்கே ஓநாய்களுக்குப் பெயர் வைப்பதில்லை, எண்தான். 1926-க்குப் பிறகு அந்தப் பூங்காவில் ஓநாயே இல்லாமல் இருந்தது. 1995-ல் கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து 14, அடுத்த வருடம் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17 என்று கொண்டுவந்தார்கள். முதல் வருடமே 10 என்ற ஆணைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதன் துணை 9, எட்டுக் குட்டிகளோடு தனியாக நின்றது. அப்போது 8 என்று ஒரு சின்ன ஆண், இன்னும் முழுதாக வளராதது, வந்து சேர்ந்து அந்தக் குட்டிகள் அத்தனையையும் தன் பிள்ளைகளாக வளர்த்தது. அதில் ஒரு குட்டிதான் 21.

21 வளர்ந்த பிறகும் வீட்டிலேயே இருந்து தம்பி தங்கைகளுக்கு இரை கொண்டுவந்து கொடுத்தது. 1997 கடைசியில் பக்கத்து ட்ரூயிட் கூட்டத்தின் பெரிய ஆண்களை வேட்டையாடிவிட்டார்கள் என்றதும், அங்கே போய்ச் சேர்ந்தது. சண்டை போட்டுக் கைப்பற்றவில்லை. அங்கே 40, 41, 42 என்று சகோதரிகள் இருந்தார்கள், வேறொருவனுக்குப் பிறந்த குட்டிகளும் இருந்தன. தன்னை வளர்த்த 8 செய்ததையே இதுவும் செய்தது: அவற்றை ஏற்றுக்கொண்டது.

பல துணை என்பது எங்கே உடையும், எங்கே நிற்கும் என்று நான் படித்த எந்தக் கதையும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. 40 தன் சகோதரிகளைக் கடித்துக் குதறி அடக்கி வைத்தது. 41 கூட்டத்தை விட்டே போய்விட்டது. 42 பொறுத்துக்கொண்டு இருந்தது. 2000-ல் மூன்று பெண்கள் ஒரே பருவத்தில் குட்டி போட்டார்கள். மே மாதம் ஒரு மாலை 40, 42-இன் வளைப் பக்கம் போனது. மறுநாள் காலை 40-ஐக் குற்றுயிராகக் கண்டார்கள். மற்றப் பெண்கள் சேர்ந்து எதிர்த்திருக்கிறார்கள். 40 செத்துப்போனது. அதற்குப் பிறகு 42 தன் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு 40-இன் வளைக்கே போனது. தன்னை அத்தனை வருடம் வதைத்தவளின் குட்டிகளையும் தன்னுடையவற்றோடு சேர்த்துப் பால் கொடுத்து வளர்த்தது. மூன்றாவது தாயும் தன் குட்டிகளோடு வந்து சேர்ந்தாள். அடுத்த வருடம் அந்தக் கூட்டத்தில் 37 ஓநாய்கள்.

இதைக் கேட்டுவிட்டு நான் அந்தக் குளிரில் நின்று அழுதேன்.

கதைகளில் வரும் "ஆல்ஃபா", அதாவது கூட்டத்தை அடக்கி ஆளும் தலைவன், பற்றியும் ஒரு வார்த்தை. 1947-ல் ஒரு ஆய்வாளர், கூண்டில் சேர்த்து அடைத்த ஓநாய்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவிய எண்ணம் அது. அதைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவரான டேவிட் மெக், காட்டு ஓநாய்களோடு பல கோடைக்காலம் இருந்துவிட்டு, 1999-ல் திருத்தி எழுதினார்: பெரும்பாலான கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள், அவ்வளவுதான். எனக்கு இது ஏமாற்றமாக இல்லை. நான் அந்தக் கதைகளில் தேடியதே அதுதானே.

விதிப் பொருத்தம் என்று ஒன்று இருக்கிறதா? யெல்லோஸ்டோனில் கறுப்பும் சாம்பலும் ஜோடி சேர்வது தற்செயலாக நடப்பதைவிட அதிகம் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆனால் 21 கறுப்பு, 42-ம் கறுப்பு. 2004 பிப்ரவரியில் வேறு கூட்டம் 42-ஐக் கொன்றுவிட்டது. அந்தக் கோடையிலேயே 21-ம் போய்விட்டது, ஒன்பது வயதில்.

உங்களுக்கு இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

*

அக்கா, நான் புனேயில் வேலை பார்க்கிறேன். உங்கள் அளவுக்கு இல்லை, சின்ன அனுபவம்தான். ஊரில் இருந்தவரை நரியும், ஒரே ஒரு தடவை செந்நாயும்தான் பார்த்திருக்கிறேன். ஓநாயை முதலில் பார்த்தது சாஸ்வட் பக்கத்துப் புல்வெளியில். பைக்கை நிறுத்திவிட்டு ஆட்டுக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வரப்பு மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஒல்லி, மண் நிறம், நீண்ட கால். எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது, ஓடவில்லை. ஆட்டுக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். அங்கே புதருக்குள் இன்னொன்று! "இது உட்கார்ந்து நம் கண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஜோடி பின்னால் வந்து குட்டியைத் தூக்கும்" என்றார். தலைமுறை தலைமுறையாக அதோடு வாழ்கிற மனிதர். அவர் குரலில் கோபம் இல்லை, ஒரு மரியாதைதான் இருந்தது.

அந்த வரப்பு மேல் இருந்தது என்ன நம்பிக்கையில் அங்கே உட்கார்ந்திருந்தது என்று பல நாள் யோசித்தேன். கல்லெறியும் தடியும் அதன் பக்கம்தான் வரும். இரை மற்றதன் வாயில். நம் சங்கப் பாட்டில் மசக்கைப் பட்ட பெண்ணுக்காகக் கள்ளிக்காட்டில் பன்றிக்குக் காத்திருக்கும் ஆண் செந்நாய் வருமே, அது நினைவுக்கு வந்தது. அடுத்த பாகம் எப்போது வரும் என்று நானும் ஒரு ஓநாய்த் தொடருக்கு மூன்று மாதமாகக் காத்திருக்கிறேன்.

*

நான் அயர்லாந்தில் நர்ஸ். இங்கே நிஜ ஓநாய் கிடையாது, எப்போதோ அழித்துவிட்டார்கள். ஆனால் நான் இருப்பது கில்கெனி பக்கம், பழைய ஆஸரி ராஜ்ஜியம். 1180-களில் இங்கே வந்த வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்ட் எழுதிவைத்த ஒன்றை ஒரு நைட் ஷிஃப்ட்டில் படித்தேன்.

அல்ஸ்டரிலிருந்து மீத் நோக்கிப் போன ஒரு பாதிரியார், கூட ஒரு பையன், காட்டில் மரத்தடியில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு ஓநாய் வந்து, "பயப்படாதீர்கள்" என்கிறது. ஆஸரி மக்களுக்கு ஒரு சாபம்: ஏழு வருடத்துக்கு ஒருமுறை ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஓநாய் உருவில் காட்டுக்குப் போக வேண்டும். ஏழு வருடம் உயிரோடு தாண்டினால் திரும்பி வரலாம், வேறு இருவர் போவார்கள். "என் துணை சாகக் கிடக்கிறாள், அவளுக்குக் கடைசி ஆறுதல் கொடுங்கள்" என்று கேட்கிறது. பாதிரியார் நடுங்கிக்கொண்டே பின்னால் போகிறார். ஒரு மரப்பொந்தில் பெண் ஓநாய், மனிதக் குரலில் முனகிக்கொண்டிருக்கிறது. நன்மை, அதாவது சாகப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் நற்கருணை அப்பம், கொடுக்கத் தயங்குகிறார். அப்போது ஆண் ஓநாய் தன் காலால் அவள் தோலைத் தலையிலிருந்து தொப்புள் வரை உரித்து மடிக்கிறது. உள்ளே ஒரு கிழவி.

நாம் படிக்கிற கதைகளில் எல்லோருக்கும் இருபத்தைந்து வயது அக்கா. இது வயதான ஜோடி. என் வார்டில் அந்த வாரம் ஒரு தாத்தா, மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் நான்கு இரவாக இருந்தார். போர்வையை விலக்கி அவள் கையை எடுத்து என்னிடம் காட்டி, "எவ்வளவு மெல்லிசாகிவிட்டது பார்" என்றார். எனக்கு அந்தத் தோலை உரித்துக் காட்டிய ஓநாய்தான் கண்ணில் வந்தது. உள்ளே இருப்பது யார் என்று தெரியாதவர்களுக்கு அவர் காட்டுகிறார்.

பாதிரியார் நன்மை கொடுத்தார். ஓநாய் தோலைத் திரும்ப மூடிவிட்டது. இரவு முழுக்க அவர்களுடைய நெருப்புப் பக்கத்திலேயே மனிதரைப் போல உட்கார்ந்திருந்து, விடிந்ததும் காட்டுக்கு வெளியே கூட்டிப்போய் வழியைக் காட்டிவிட்டு விடைபெற்றது. தாத்தாவுக்கு நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.