மேலெழுந்த பிறகும் சக்கரங்களை மடக்காமல் பறக்கும் பயணிகள் விமானங்கள்

வான்நோக்கி (கேள்வி):
ஓடுபாதையை விட்டு மேலெழுந்த ஒரு பயணிகள் விமானம், வழக்கம்போல் சில நொடிகளில் சக்கரங்களை மடக்கிக்கொள்ளாமல், மேகத்துக்குள் மறையும் வரை அவற்றைத் தொங்கவிட்டபடியே சென்றதைக் கண்டேன். அது திரும்பி வந்து இறங்கவும் இல்லை. விமானிகள் மறந்துவிட்டார்களா, பழுதா, அல்லது வேண்டுமென்றே அப்படிச் செய்வதுண்டா? அந்நிலையிலேயே சேருமிடம் வரை போக முடியுமா என்பதையும் விவரமறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பணிமனை:
பெரும்பாலும் வேண்டுமென்றே செய்ததாகத்தான் இருக்கும். இறங்கிய சற்று நேரத்திலேயே மீண்டும் கிளம்பும் விமானத்தின் பிரேக்குகள் முழுதாக ஆறியிருக்காது. ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து செல்லும்போது மேலும் சூடேறும். ஏர்பஸ் ஏ320 வகையில் பிரேக்கின் வெப்பம் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காக்பிட்டில் எச்சரிக்கை தோன்றும். மேலெழுந்த பிறகு அது தோன்றினால், ஏறும் திறன் இடம் கொடுக்கும் பட்சத்தில், சக்கரங்களைச் சில நிமிடங்கள் வெளியிலேயே விட்டுக் காற்றில் ஆற வைப்பார்கள்.

கொதிக்கும் பிரேக்கை மூடிய சக்கர அறைக்குள் இழுத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை 1986 மார்ச் 31 அன்று மெக்ஸிகோ நகரிலிருந்து புறப்பட்ட மெக்ஸிகானா நிறுவனத்தின் போயிங் 727 காட்டியது. அளவுமீறிச் சூடான பிரேக்கினால் அறைக்குள்ளேயே டயர் வெடித்து, எரிபொருள் குழாய்களும் ஹைட்ராலிக் (திரவ அழுத்த) குழாய்களும் சிதைந்து தீப்பற்றியதில், விமானத்திலிருந்த 167 பேரும் உயிரிழந்தனர். அந்த டயரில் நைட்ரஜனுக்குப் பதிலாக, எரிவதற்கு உதவும் ஆக்ஸிஜன் கலந்த சாதாரணக் காற்று நிரப்பப்பட்டிருந்தது.

பழுதுபோலத் தெரிந்தால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது லாக் பின்களைத்தான். நிற்கும் விமானத்தின் கால்கள் மடங்கிவிடாதிருக்கச் செருகும் இந்தப் பின்களைக் கழற்றாமல் விட்டுவிட்டால், விமானி லீவரை உயர்த்தினாலும் கால்கள் அசையாது. கண்ணில் பட வேண்டும் என்றுதான் அவற்றில் நீளமான சிவப்பு நாடாவைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள்; அப்படியும் எப்போதாவது தவறிவிடுகிறது. அத்தகைய நேரங்களில் திரும்பி வந்து இறங்குவதே வழக்கம் என்பதால், நீங்கள் கண்டது அதுவாக இராது.

எரிபொருட்கணக்கு:
இரண்டாவது கேள்விக்கு என் பதில்: பறக்க முடியும், ஆனால் எட்ட முடியுமா என்பது வேறு. சக்கரங்கள் தொங்கும்போது காற்றின் இழுவை கடுமையாக உயர்வதால், வேகமும் உயரமும் குறைந்து எரிபொருள் மளமளவென்று தீரும். 2000 ஜூலை 12 அன்று கிரீட் தீவின் ஹானியாவிலிருந்து ஹனோவருக்குக் கிளம்பிய ஹபாக்-லாய்ட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ310 இதற்குச் சரியான உதாரணம். சக்கரங்கள் முழுதாக மடங்காத நிலையிலும் விமானிகள் பயணத்தைத் தொடர்ந்தார்கள். அவர்கள் நம்பிய பறப்பு மேலாண்மைக் கணினியோ, தொங்கும் சக்கரங்களின் இழுவையைக் கணக்கில் சேர்க்காமலே மிச்ச எரிபொருளைக் காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் வியன்னாவை நெருங்கும்போது எரிபொருள் தீர்ந்து, ஓடுபாதையைத் தொடுமுன்பே விமானம் தரையில் விழுந்தது. இருந்த 150 பேரில் யாரும் இறக்கவில்லை; விமானம் மட்டும் மீண்டும் பறக்கவில்லை. என்னைக் கேட்டால், அங்கே சக்கரப் பழுதைவிடப் பெரிய பிழை, திரையில் தெரிந்த எண்ணை வெறும் கைக்கணக்கால்கூடச் சரிபார்க்காததுதான்.

வான்நோக்கி:
இருவருக்கும் நன்றி. பிரேக் ஆறிய பிறகு எந்த நேரத்திலும் மடக்கிக்கொள்ளலாமா?

பணிமனை:
இல்லை, ஐயா, வேகத்தைக் குறைத்த பிறகுதான். ஏ320-இல் சக்கரங்கள் வெளியே பூட்டியிருக்கும் நிலையில் 280 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற வேக அளவு) வரை பறக்கலாம். ஆனால் உள்ளே மடக்குவதற்கு வரம்பு 220 நாட்தான். மடங்கும் அந்தச் சில நொடிகளில் அறைக்கதவுகள் திறந்து நேரடியாகக் காற்றில் மாட்டுகின்றன, அவற்றைக் காப்பாற்றவே இந்த வரம்பு. 260 நாட்டைத் தாண்டினால் சக்கர அமைப்புக்குச் செல்லும் ஹைட்ராலிக் அழுத்தமே தானாகத் துண்டிக்கப்பட்டுவிடும். உள்ளே அமர்ந்திருப்பவர்களுக்கு அதுவரை இரைச்சலும் லேசான அதிர்வும் தொடரும். கதவுகள் மூடும்போது காலடியில் ஒரு ‘தட்’ சத்தம் கேட்ட பிறகே அடங்கும்.