ஐ-94 முடிந்துவிட்டது, கையில் ரசீது மட்டும்: நிறுத்தினால் எதைக் காட்டுவது?

நியூ ஜெர்சி, எடிசனில் இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்த எச்-4 விசா. இருவரின் ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று காட்டும் வருகைப் பதிவு) தேதியும் ஜூன் 30-ல் முடிந்துவிட்டது. நீட்டிப்புக்கு மே மாதமே விண்ணப்பித்தாயிற்று, விண்ணப்பம் கிடைத்தது என்று காட்டும் ஐ-797 ரசீது கையில் இருக்கிறது. அதை வைத்து அவர் 240 நாள் வரை வேலை பார்க்கலாம், அதில் சந்தேகமில்லை.

போன வியாழன் காலை ஆறரைக்கு ஐஸ் (குடியேற்ற அமலாக்கத் துறை) அதிகாரிகள் இருவர் கதவைத் தட்டினார்கள். முன்பு குடியிருந்தவரைத் தேடி வந்தார்களாம். நான் திறக்கவில்லை. நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் இருந்தால் கதவுக்கு அடியில் தள்ளச் சொன்னேன். வந்த தாள் ஐ-200, குடியேற்றத் துறையே கொடுக்கும் கைது வாரண்ட். அதில் இருந்தது அதிகாரியின் கையெழுத்துதான், அதை மட்டும் வைத்து வீட்டுக்குள் நுழைய முடியாது. போய்விட்டார்கள். மகள்தான் இன்னும் அழைப்பு மணி கேட்டாலே ஓடி ஒளிகிறாள்.

வீட்டுக்குள் சரி, வெளியேதான் குழப்பம். பேசாமல் இருக்க உரிமை உண்டு. ஆனால் 18 வயது நிரம்பிய வெளிநாட்டினர் பதிவு ஆவணத்தை (ஐ-94 போன்றதை) எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. கம்பெனி வக்கீல் விசா வேலை மட்டும்தான் பார்ப்பாராம். வேறு இரண்டு வக்கீல்களைக் கூப்பிட்டேன், அடுத்த மாதம்தான் நேரம் கிடைக்கும் என்றார்கள். இப்போதைக்குப் பழைய ஐ-94, ரசீது, பாஸ்போர்ட் நகல் மூன்றும் பையில் இருக்கின்றன.

இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: சாலையில் நிறுத்திக் கேட்டால் இந்த மூன்றையும் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாமா, இல்லை வக்கீலிடம் பேசும்வரை எதையும் கொடுக்கக் கூடாதா?