டேக் போகும்போது காதில் விழுந்தவை

லொகேஷன் சவுண்ட் மிக்ஸர், சென்னை (திரியைத் தொடங்கியவர்)

பதினாறு வருடமாக லொகேஷனில் சவுண்ட் எடுக்கிறேன். ஷெட்யூல் முடிந்து வீட்டுக்குப் போனால் கேமராக்காரரிடம் காட்டுவதற்கு ஒரு படமாவது இருக்கும். நம்மிடம் இருப்பது ஹெட்போனில் கேட்டது மட்டும்தான். அதை அவரவர் இங்கே எழுதிவைத்தால் என்ன என்று தோன்றியது. முதலில் என்னுடையது.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம், ஓட்டு வீடு. வெளியூரில் இருக்கும் மகனோடு அம்மா போனில் பேசும் காட்சி. அம்மாவாக நடித்தவர் சினிமா ஆள் இல்லை, பக்கத்து ஊர்த் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர்.

எந்த லொகேஷனுக்குப் போனாலும் முதலில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து கேட்பேன். அன்றைக்கும் யூனிட் வருவதற்கு முன்னால் திண்ணையில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். உள்ளே ஃபிரிட்ஜ், பக்கத்து வீட்டில் கிரைண்டர், ஓட்டுக்கு அடியில் புறா. கிரைண்டர் வீட்டு அக்காவிடம் போய்ப் பேசினேன், பதினோரு மணிக்கு மேல் அரைத்துக்கொள்கிறேன் என்றார். ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு என் லாட்ஜ் அறைச் சாவியை உள்ளே பால் பாக்கெட் பக்கத்தில் வைத்தேன். சாவி இல்லாமல் ராத்திரி அறைக்குள் போக முடியாது, அதனால் ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்க வழியே இல்லை. சவுண்ட் ஆள்கள் பலர் இப்படிச் செய்வார்கள். மறந்துபோய் ஒரு வீட்டுக்காரரின் பால் கெட்டுவிட்டால் அடுத்த முறை அந்தத் தெருவிலேயே யாரும் வீடு தரமாட்டார்கள்.

அப்புறம் ஜெனரேட்டர் வண்டி வந்து தெருமுனையிலேயே நின்றது. இன்னும் தள்ளி வையுங்கள் என்றேன். கேபிள் பத்தாது என்றார்கள். தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும், நடுவில் ஒரு சுவர் வந்தால் இன்னும் குறையும். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு மண் சுவர் இருந்தது. நானே நடந்து அடி எண்ணிக் காட்டினேன். கேபிள் பத்தியது. ஆனால் அரை மணி நேரம் போனது, அந்த அரை மணி நேரமும் மேனேஜர் என் பக்கமே திரும்பவில்லை.

பையில் சவுண்ட் டிவைசஸ் 633 மிக்ஸர்-ரெக்கார்டர். பூம் என்கிற நீளக் கம்பின் நுனியில் சென்ஹைசர் எம்கேஹெச் 50 மைக், சேலைக்குள் சான்கென் காஸ் 11 என்ற குட்டி லேப்பல் மைக். முதல் டேக். அவர் கேட்க வேண்டியது “சாப்ட்டியாய்யா” என்ற ஒரு வார்த்தை. “சாப்ட்” வரைக்கும் வந்து குரல் நின்றுவிட்டது. எச்சில் விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியது எனக்குக் கேட்டது. மிச்ச வார்த்தை குரலாக வரவில்லை, மூச்சாக வந்தது.

லேப்பல் டிராக்கில் சரியாக அந்த நொடியில் தாலிக்கயிறு மைக்கில் உரசிய கரகரப்புதான் இருந்தது. அந்த இடத்தில் மைக் வைத்தது என் தப்பு. பூம் காப்பாற்றியது. டைரக்டர் “சவுண்ட் ஓகேவா?” என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

முழுப் படத்தையும் டப் செய்தே பழகிய தயாரிப்புத் தரப்பு, இதையும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடலாமே என்று அவரைச் சென்னைக்குக் கூட்டிவந்தது. கதவு மூடிய ஏசி அறை, எதிரில் திரை, கையில் போன்கூட இல்லை. பன்னிரண்டு டேக் எடுத்தார்கள். வார்த்தை வந்தது, அந்த விழுங்கல் வரவில்லை. படத்தில் இருப்பது ஓட்டு வீட்டில் எடுத்ததுதான்.

பூம் ஆபரேட்டர்

அண்ணா சொன்ன தாலிக்கயிறு எனக்குத் தினசரிப் பாடு. அது மட்டுமா, கண்ணாடி வளையல், கொலுசு, பட்டுப்புடவை. பட்டில் முந்தானை மடிப்பு ஒன்றோடொன்று உரசும்போது லேப்பலில் அப்பளம் நொறுங்குவது மாதிரி கேட்கும். டிரான்ஸ்போர் என்ற மருத்துவ டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வரும்படி சின்ன முக்கோணமாக மடித்து, மைக்கின் இரண்டு பக்கமும் ஒன்று வைத்தால், மேல் துணியும் கீழ்த் துணியும் மைக்கோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்தே அசையும். பாதிச் சத்தம் போய்விடும். மீதியை பூம் பார்த்துக்கொள்ளும்.

பூம் என்றால் கம்பு பிடிக்கிற வேலை என்று நினைக்கிறார்கள். வசனம் முழுக்க எனக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும். இவர் முடிக்கும் எழுத்தில் மைக் அவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எந்த லென்ஸ் போடுகிறார்கள் என்று கேமரா அசிஸ்டென்டிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். 35 என்றால் காட்சி அகலம், எவ்வளவு மேலே நிற்க வேண்டும், 85 என்றால் நெருக்கம், எவ்வளவு இறங்கலாம் என்பது இப்போது கைக்கே தெரிகிறது. ப்ராம்ப்டிங் இருக்கும் செட் என்றால் தனிக் கஷ்டம். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று வரிவரியாகச் சொல்வார், நடிகை திருப்பிச் சொல்வார், இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். நாங்கள் கெஞ்சிக் கேட்டு வாங்குவது ஒன்றுதான்: அவர் சொல்லி முடித்ததும் ஒரு மூச்சு விட்டுப் பேசுங்கள், நடுவில் வெட்டுவதற்கு இடம் கிடைக்கும்.

நான் சொல்ல வந்தது வேறு. நடிகைகளுக்கு மைக் வைக்கும்போது கேரவன் கதவைச் சாத்திவிட்டு, எங்கே கை வைக்கப்போகிறேன் என்று ஒவ்வொன்றையும் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வைப்பேன். சிலர் தாங்களே வைத்துக்கொள்வார்கள், நான் பக்கத்தில் நின்று சொல்லித் தருவேன். ஒரு மூத்த நடிகை என் கையைப் பிடித்துக்கொண்டு, “இத்தன வருசத்துல ஒரு பொண்ணு வந்து மைக் வெக்கிறது இதான் முதல் தடவைம்மா” என்றார். பெண்கள் இந்த வேலைக்கு இன்னும் நிறையப் பேர் வர வேண்டும்.

வயர்லெஸ் மைக் வைத்த பிறகு அந்த மனிதர் எங்கே போனாலும் எங்கள் காதிலேயே இருக்கிறார். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், மைக் இருப்பதை மறந்து ஒரு நடிகர் மரத்தடிக்குப் போய் போன் பேசினார். ஆஸ்பத்திரி, அப்பா, இன்னொரு வார்த்தை. அதற்குள் எங்கள் மிக்ஸர் ஃபேடரை இறக்கி அந்த மைக்கின் சத்தத்தை நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார், நான் ஹெட்போனைக் கழற்றினேன். ஷாட் ரெடி, ஆளைக் கூப்பிடு என்று சத்தம் வந்ததும் மிக்ஸர் எழுந்து, “டிரான்ஸ்மிட்டர்ல பேட்டரி மாத்தணும் சார், பத்து நிமிஷம்” என்றார். அன்று காலையில் போட்ட புது பேட்டரி அது. சவுண்டால் லேட் என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். அவர் ஒரு பதிலும் சொல்லவில்லை. அந்த நடிகருக்கு இன்றுவரை இது தெரியாது. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

ஓய்வு பெற்ற ஒலிப்பதிவாளர்

தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம். நான் ஆவணப்பட ஆள். எங்கள் காலத்து டேப் ரெக்கார்டர் பெட்டி நாகரா 4.2. போலந்தில் பிறந்து ஸ்விட்சர்லாந்தில் குடியேறிய ஸ்டெஃபான் குடெல்ஸ்கி உண்டாக்கிய கம்பெனி. நாகரா என்றால் போலிஷ் மொழியில் ‘பதிவு செய்யும்’ என்று அர்த்தம். பெரிய டார்ச் செல் பன்னிரண்டு போட வேண்டும். ஐந்து அங்குல ரீல் நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடினால் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால் யார் எப்போது முக்கியமானதைச் சொல்லப்போகிறார் என்று முகத்தைப் பார்த்தே கணிப்போம். ரீல் மாற்றும்போது போன பேச்சு போனதுதான்.

கதைப்படங்களில் அப்போது எங்களைப் போன்றவர்களுக்கு வேலை இல்லை. ஆரி 2சி கேமரா தையல் மிஷின் மாதிரி சத்தம் போடும். அதோடு ப்ராம்ப்டிங், ஆளுக்கொரு தாய்மொழி. அதனால் டப்பிங்கே சட்டமாகிவிட்டது. ஸ்பாட்டில் எடுப்பது பைலட் டிராக், டப்பிங்கில் உதடு பார்த்துப் பேச ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். 2001இல் ‘லகான்’ கட்ச் பாலைவெளியில் அத்தனை பெரிய கூட்டத்தோடு நேரடி ஒலியில் எடுக்கப்பட்டு, ஒலிப்பதிவுக்கான தேசிய விருதும் வாங்கியபோது, எங்கள் வயதுக்காரர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பேசிக்கொண்டோம். 2009 பிப்ரவரியில் ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டி ஆஸ்கர் மேடை ஏறிய மறுநாள், பக்கத்து வீட்டுப் பையன் வந்து, “தாத்தா, நீங்களும் இந்த வேலைதானா?” என்று கேட்டான். என் மனைவி அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

57ஆவது தேசிய விருதிலிருந்து லொகேஷன் ஒலிப்பதிவுக்குத் தனிப் பிரிவு வந்தது. சந்தோஷப்பட்டேன். 2022இல் அறிவித்த 68ஆவது விருதில், அந்தப் பிரிவுக்குத் தேர்வான படம் நேரடி ஒலியில் எடுக்கப்படவில்லை, டப் செய்யப்பட்டது என்று அதன் சவுண்ட் டிசைனரே சொன்னார். டப்பிங் மட்டமான வேலை என்று நான் சொல்லமாட்டேன், அதிலும் மேதைகள் உண்டு. ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் எங்கள் வேலையை எடைபோட்டார்களே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மிக்ஸர், வடசென்னை

எனக்கு ஆடி மாதம். தெருவில் எடுக்கும் காட்சி, இரண்டு தெரு தள்ளி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், குழாய் ஸ்பீக்கர் முழு வேகத்தில். புரொடக்‌ஷன் ஆட்கள் போய்ப் பணம் தருகிறோம் என்று சொல்லி, விழாக் கமிட்டி கோபப்பட்டுவிட்டது. நியாயம்தானே, அவர்கள் வீட்டு விசேஷம். பிறகு நான் தனியாகப் போனேன். போகும்போதே கேட்டது, அவர்கள் ஆம்ப்ளிஃபையரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல். மைக் ஒயரைத் தடவிப் பார்த்தேன், முனையில் ஷீல்டு என்கிற மேலுறைக் கம்பி அறுந்திருந்தது. பையிலிருந்த கேஸ் சோல்டரிங் அயனை எடுத்து அங்கேயே உட்கார்ந்து பற்றவைத்தேன். இரைச்சல் நின்றது. பாட்டு பளிச்சென்று வந்தது. கமிட்டித் தலைவர் ஒரு சொம்புக் கூழ் கொடுத்தார், குடித்தேன்.

“அண்ணே, ஒவ்வொரு டேக்கும் ரெண்டு நிமிஷம்தான். மாடியில எங்க பையன் துண்டு காட்டுவான், அப்ப மட்டும் நிறுத்துங்க” என்றேன். பதினெட்டு தடவை துண்டு காட்டினோம், பதினெட்டு தடவையும் நிறுத்தினார்கள். வயர்லெஸ் அலைவரிசை, படத்தையும் ஒலியையும் பொருத்தும் டைம்கோடு எல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். எனக்கு அன்றைய டிராக்கை வாங்கிக் கொடுத்தது அந்தக் கூழ்தான்.

இன்னொன்று, புதிதாக வருபவர்களுக்கு. மலைக்காட்டிலோ மழையிலோ சாதாரண கண்டென்சர் மைக் ஈரம் ஏறிப் படபடவென்று பொரியும். எம்கேஹெச் வகை ரேடியோ அலைவரிசை முறையில் இயங்குவதால் ஈரத்தை நன்றாகத் தாங்கும். எதுவாக இருந்தாலும் ராத்திரி சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து மூடுங்கள். வியர்வையிலிருந்து டிரான்ஸ்மிட்டரைக் காக்க எண்ணெய்ப் பசையில்லாத ஆணுறைதான் சரியான உறை. மருந்துக்கடையில் தயங்காமல் கேளுங்கள்.

டயலாக் எடிட்டர்

சுருக்கமாக ஒரு வேண்டுகோள். ஃபைலில் சீன் நம்பர், டேக் நம்பர், எந்தச் சேனலில் யார் என்று எழுதி அனுப்புங்கள். ‘டேக் 4, லேப்பல் உரசல், பூம் பயன்படுத்தவும்’ என்று ஒரு வரி இருந்தால் எனக்கு ஒரு மணி நேரம் மிச்சம். அப்புறம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் இருக்கும் சத்தம். ஒவ்வொரு இடத்திலும் முப்பது நொடியாவது. நீங்கள் எடுக்காமல் விட்ட அமைதியை நான் எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. சென்னை வீட்டு அமைதியைக் கோவில்பட்டி வீட்டில் ஒட்டினால் ஒட்டாது.

லொகேஷன் சவுண்ட் மிக்ஸர், சென்னை

எடிட்டர் சார் ரூம் டோன் என்றதும் அந்த ஓட்டு வீட்டில் அடுத்து நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டேக் ஓகே ஆனதும் ஒரு நிமிடம் ரூம் டோன் கேட்டேன். அறுபது பேரும் அசையாமல் நிற்க வேண்டும். டீ கிளாஸ் வைத்திருந்தவர் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாவும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் என்னிடம் வந்து, “யாருமே பேசலையே தம்பி, என்னத்தப் புடிச்சீங்க?” என்று கேட்டார். ஹெட்போனை அவர் காதில் மாட்டி, பதிவானதை ஓட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். விரலை மேலே காட்டி, புறா என்று வாயசைத்தார். பிறகு வாசலைப் பார்த்தார். அங்கே வேப்பமரத்தில் காற்று. முழு நிமிடமும் கேட்டுவிட்டுக் கழற்றிக் கொடுத்தார்.

“நம்ம ஊரு வீடுகள்ல இம்புட்டு இருக்கா” என்றார்.

நான் உள்ளே போய் ஃபிரிட்ஜைப் போட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டேன்.